காலண்டர் கிழிந்த காலை: உங்களுக்கும் இப்படி ஒரு நாள் உண்டா?

நாஞ்சில்_அம்மா

மார்ச் 11. நைட் டூட்டி முடிந்து எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், ஹால் முழுக்கக் காகிதம். மூன்று வயது மகன் ஸ்டூலில் ஏறி தேதி காலண்டரைக் கிழித்திருக்கிறான், ஜூன் கடைசி வரைக்கும்.

நம் வீட்டுக் காலண்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே பைபிள் வசனம், ஓரத்தில் நம் கணக்கு. மார்ச் 20 வேன் பீஸ், ஏப்ரல் 5 நகைக்கடன் வட்டி, ஜூனில் பெரியவளுக்கு ஸ்கூல் பீஸ். இவருக்கு மஸ்கட்டில் மூன்று மாதமாகச் சம்பளம் இழுபறி. வார்டில் டிரிப் மாற்றும்போதும் மண்டைக்குள் அந்தத் தேதிகள்தான் ஓடும். புது வருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருடத்துக்கான வசனம் எழுதியது, ஃபிரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்தே பல நாளாகியிருந்தது.

தோள் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து தாள்களை அடுக்கினேன். ஏப்ரல் 5 கிடைக்கவில்லை. தேடத் தேட அழுகை வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து மாமி வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, குவியலைத் துழாவி, 11ஆம் தேதித் தாளை மட்டும் எடுத்து, மாவுக் கையாலேயே நீவி ஆணியில் குத்தினார்கள். "இன்னைக்கு இது ஒண்ணு போதும் மக்ளே. போய்ப் படு."

"அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வசனம். அன்றுதான் என் காதில் விழுந்தது. நான்கு மணி நேரம் அசந்து தூங்கினேன். சம்பளம் இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தாளில் இருந்த அந்த மாவுக் கறை மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மலைக்கோட்டை_டீச்சர்

நாங்கள் கத்தோலிக்கர். இரவு ஜெபமாலை சொல்லாமல் படுத்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில் பிறந்தவள் நான். இப்போது அரையாண்டுத் தேர்வுத்தாள் திருத்தி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்து ஜெபமாலையோடு உட்கார்ந்தால் மணிகளில் இரண்டாவது பத்திலேயே கண் சொருகிவிடும். ஆண்டவரிடம் கடன் ஏறிக்கொண்டே போகிற மாதிரி ஒரு குற்ற உணர்வு.

ஒரு நாள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் மாலை என் கையில் இல்லை. ஆறு வயது மகள் வைத்திருக்கிறாள். அவளுக்கு அருள்நிறை மந்திரம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையே ஒவ்வொரு மணிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீ தூங்கும்மா, மிச்சத்த நான் சொல்றேன்."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதது, இங்கே சொல்லத் தோன்றியது.

இரண்டு_பங்கு

நாஞ்சில் சகோதரி, உங்கள் மாமி சொன்னதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கும் இளம் தாய்மார் "நாளையைப் பற்றி யோசிக்கவே கூடாது" என்று எடுத்துக்கொள்வார்கள், அதுதான் எனக்குப் பயம். அந்த வசனம் வரும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தை ஒழுங்காகப் படியுங்கள். கவலைப்படாதே என்றுதான் இருக்கிறது, கணக்குப் பார்க்காதே என்று இல்லை. யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த உணவான மன்னாவை மறுநாளைக்கு வைத்தபோது அது புழு பிடித்தது, உண்மை. அதே அதிகாரத்தில் ஆறாம் நாள் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னதும் கர்த்தர்தானே? ஓய்வுநாளுக்காக எடுத்து வைத்தது நாறவுமில்லை, புழுக்கவுமில்லை.

2020 ஊரடங்கில் இவருக்கு வேலை போனபோது எங்களைத் தாங்கியது நான் போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் போட்டுவைத்த ஆர்.டி. சேமிப்பு. அதையும் கர்த்தர் கொடுத்ததாகத்தான் நினைக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். தேதிகளைக் காலண்டரில் எழுதாதீர்கள், தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். நகைக்கடன் வட்டியைத் தள்ளிப்போடாதீர்கள், முடிந்தால் அசலில் கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். நைட் டூட்டி முடிந்து வரும் நாளில் சமையல் உங்கள் தலையில் இருக்கக் கூடாது. சனிக்கிழமை மாவு அரைத்து, தேங்காய் துருவி வைத்துவிட்டால் ஞாயிறு ஆராதனைக்குப் பதறாமல் போகலாம். ஸ்டூலையும் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். ஜெபத்துக்கு நாலு மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை, பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

சட்டைப்பித்தான்

மேலே எழுதிய அக்காவுக்கு. நீங்கள் சொல்வது சரி, சேர்த்து வைக்கக்கூடிய நாளைக்கு. என் மகனுக்கு 14 வயது, ஆட்டிசம். எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் நாளை. அதற்கு எந்த ஆர்.டி. போடுவது? போட்டுத்தான் இருக்கிறேன். அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

பல வருடம் அந்த ஒன்றைக் கேட்டே ஜெபித்தேன். பதில் வரவில்லை. போன ஆடியில் ஒரு காலை, ஸ்பீச் தெரபிக்கு நேரமாகிவிட்டது, நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருக்கிறேன். திரும்பினால் அவனே சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். மேலிருந்து மூன்றாவது. விரல் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறான். நான் அசையவில்லை, மூச்சுகூட விடவில்லை. ஐந்தையும் போட்டான். ஒன்று மாறிப் போயிருந்தது. அப்படியே கூட்டிப்போனேன்.

பஞ்ச காலத்தில் கடைசிப் பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தாளே சாறிபாத் விதவை, அவள் பானை நிரம்பியதாக வேதத்தில் இல்லை. மா தீரவில்லை என்றுதான் இருக்கிறது. அவளும் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தினமும் அந்தப் பானைக்குள் கை விட்டுத்தானே பார்த்திருப்பாள்? எனக்கு அவளைத் தெரியும் போலத் தோன்றுகிறது.

நாஞ்சில்_அம்மா

சட்டைப்பித்தான் அக்கா, இதை டூட்டி ரூமில் வைத்துப் படித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. உங்கள் மகன் பெயரை எழுத வேண்டாம், பெயர் இல்லாமலே ஜெபிக்கிறேன்.

இரண்டு பங்கு அக்கா, நோட்டுப் போட்டுவிட்டேன். ஏப்ரல் 5 தாள் சோபாவுக்கு அடியில் கிடைத்தது, வட்டியும் கட்டியாயிற்று. மாமி தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதை மீட்க வேண்டும்.

மிச்சத் தாள்களைக் கிளிப் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒன்றை மட்டும் மகனிடம் கொடுக்கிறேன். அவனைத் தூக்கிப் பிடித்தால் அவனே ஆணியில் குத்துகிறான்.