செஸ்ல எச்7 பலிக்கு (வேணும்னே காயைக் குடுக்கறது) அப்புறம் ராஜா முன்னால வந்தா என்ன செய்யணும்?

வணக்கம் நண்பர்களே. 12 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில ஆடுற என் மகளுக்காகக் கேக்கறேன்.

வெள்ளைக் காய். சிப்பாய் இ5ல, மந்திரி டி3ல, குதிரை எஃப்3ல. எதிராளி ராஜா பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வுல மாத்தி ராஜாவை ஓரமா வெக்கறது) பண்ணிட்டான், எஃப்6ல அவன் குதிரை இல்ல. மந்திரியால எச்7 சிப்பாயை வெட்டி செக் வெச்சா. ராஜா வெட்டினதும் குதிரை ஜி5ல செக். ராஜா ஜி8க்குத் திரும்புவான், ராணி எச்5, முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்கா.

ஆனா ராஜா ஜி6க்கு முன்னேறிட்டான். பாப்பா முகமே மாறிடுச்சு. ராணியை ஜி4ல வெச்சா, எதிராளி சிப்பாயை எஃப்5க்குத் தள்ளி ராணியை விரட்டினான். இவ எஃப்3க்குப் போனா, அதோட தாக்குதல் செத்துப்போச்சு. ஜி3ல வெச்சிருந்தா, குதிரை நகர்ந்ததும் ராணியோட செக் திறந்திருக்கும்னு வீட்டுக்கு வந்து போர்டுல பாத்தப்பதான் புரிஞ்சுது. ஒரு மந்திரி போனது போனதுதான், தோத்துட்டா. இத்தனைக்கும் கடிகாரத்துல 40 நிமிஷம் மிச்சம் இருந்துது!

ராஜா ஜி6க்கு வந்தா ராணி ஜி4ஆ, சிப்பாய் எச்4ஆ, எதை வெச்சு முடிவு பண்றது? எச்6க்கு வந்தா சி1 மந்திரியோட செக் திறக்கும், அது அவளுக்குத் தெரியும். ஜி6தான் குழப்புது.

பலி குடுக்கறதுக்கு முன்னாடி உங்க பிள்ளைங்களை எதையெல்லாம் பாக்கச் சொல்றீங்க? "இனிமே பலியே வேணாம்"னு மட்டும் சொல்லாதீங்க, அவ ஆடுறதே அதுக்காகத்தான்.