சுற்றுலாப் பேருந்து கிளம்பிய பிறகு: பிரிட்டன் சிற்றூர்களில் ஓர் இரவு

போன செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வந்து ஆறு வாரம் எங்களோடு இருந்தார்கள். லண்டனைச் சுற்றியாயிற்று. ஸ்டோன்ஹெஞ்சையும் பாத் நகரத்தையும் ஒரே நாளில் காட்டும் பேருந்தில் போய், இருட்டிய பிறகு வந்து படுத்தோம். மறுநாள் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: "எல்லாம் பாத்தாச்சுப்பா. ஆனா எந்த ஊர்லயும் இருக்கலையே." அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரமே ரை என்ற சின்ன ஊரில் இரண்டு ராத்திரிக்கு அறை எடுத்தேன்.

செயின்ட் பான்கிராஸில் வேக ரயில் ஏறி ஆஷ்ஃபோர்டில் வண்டி மாறினால் ஒன்றேகால் மணி நேரம் போலத்தான். கிழக்கு சசெக்ஸில் ஒரு சிறு குன்று, உச்சியில் தேவாலயம், சுற்றிலும் ஓட்டு வீடுகள். ஒரு காலத்தில் குன்றைச் சுற்றிக் கடல்தான், ஊரே துறைமுகம். இப்போது கடல் மூன்று கிலோமீட்டர் விலகிவிட்டது. அலையடித்த இடத்தில் செம்மறியாடு மேய்கிறது. 1377-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொளுத்திவிட்டுத் தேவாலய மணிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மறு வருஷமே இந்தப் பக்கத்து ஆட்கள் நார்மண்டிக்குக் கப்பலேறிப் போய் மணிகளை மீட்டு வந்துவிட்டார்கள். இதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு ஊர்மேல் தனிப் பாசம். தேவாலயக் கடிகாரம் 1560-களில் செய்தது, இன்னமும் ஓடுகிறது. அதன் நீண்ட ஊசல் உள்ளே, தலைக்கு மேலே, ஆடிக்கொண்டிருக்கும். அப்பா அதன் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட மனம் வரவில்லை.

மெர்மெய்ட் தெரு என்று ஒன்று, உருண்டைக் கல் பாவிய சரிவு. படத்தில் பார்த்திருப்பீர்கள். பகலில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. சாயங்காலம் கடைகளைப் பூட்டி, வந்தவர்கள் ரயிலேறிய பிறகு போய்ப் பாருங்கள். எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம், கூரைமேல் கடற்புறா, வேறொன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதிச் சரிவில் நின்றுவிட்டார். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் கையைத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார். சுவரோரமாகவே இருவரும் இறங்கினார்கள். இந்தத் தெருவில் வீடுகளுக்குப் பெயர் உண்டு: 'எதிர்வீடு', 'இரண்டு வாசல் வீடு' என்றெல்லாம். "நம்பர் இல்லாம தபால்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்னு கேளு" என்றார் அம்மா. கேட்டேன். "அவருக்கு எங்கள் எல்லோரையும் தெரியுமே" என்றார் பாட்டி. அம்மா மதுரைக்குத் திரும்பிய பிறகும் அவரைப் பற்றிக் கேட்கிறார்.

அதே தெருவில் மெர்மெய்ட் விடுதி இருக்கிறது. 1420-ல் திரும்பக் கட்டியது, நிலவறை அதற்கும் பழையது. 1740-களில் கடத்தல்காரக் கும்பல் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேசைமேல் வைத்துக்கொண்டு அங்கே குடிக்குமாம். நாங்கள் தங்கியது வேறொரு சின்ன இடம். அங்கே எட்டரைக்கே சமையலறையை மூடிவிட்டார்கள். முதல் ராத்திரி சிப்ஸ் பாக்கெட்டோடு படுத்தோம். சைவமாக இருந்தால் ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

இப்படி இரவு தங்கிப் பார்த்த சின்ன ஊர் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

*

தம்பி, அப்பா சொன்னது சரியான கதை. நாங்கள் விற்பிக்குப் போனனாங்கள். யோர்க்‌ஷயரின்ர கிழக்குக் கரை. நான் வல்வெட்டித்துறை ஆள், கடல் இல்லாத ஊரில எனக்கு நித்திரை வராது.

துறையடியில இருந்து மேலே தேவாலயத்துக்கு 199 படி. இடையிடையே அகலமான மேடைகள் இருக்கு. முந்தி சவப்பெட்டி தூக்கிக்கொண்டு ஏறினவை அதை இறக்கி வைச்சு இளைப்பாறத்தான் அந்த மேடைகளாம். உச்சியில அபே எண்ட இடிஞ்ச கிறிஸ்தவத் துறவி மடம். அந்த இடத்தில மடம் தொடங்கினது 657இல. ஆனா எனக்குக் கீழ்த்துறைதான். கடலோடி ஜேம்ஸ் குக் 18 வயதில கப்பல் வேலை பழக வந்து இருந்த வீடு இப்ப நூதனசாலை. அவர் பிறகு உலகம் சுத்தின எண்டெவர், இந்த ஊரில 1764இல நிலக்கரி ஏத்தக் கட்டின கப்பல். அடி தட்டையா இருந்தபடியால் கரையிலேயே இழுத்து நிப்பாட்டலாம். ஆஸ்திரேலியாப் பக்கம் பவளப்பாறையில அடிபட்டு ஓட்டை விழுந்தபோது அதுதான் அவையைக் காப்பாத்தினது.

விடிய ஆறு மணிக்கு நான் தனிய நடந்தேன். நண்டுக்கூடு திருத்திக்கொண்டிருந்த ஒரு வயதானவர் எங்க இருந்து வாறாய் எண்டு கேட்டவர். எங்கட ஊரில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்தது எண்டு சொன்னேன். அவர் ஊசியைக் கீழ வைச்சிட்டார். எத்தனை பாய்மரம், யார் ஓட்டினது, எந்த வழியால போனது எண்டு ஒரு மணித்தியாலம் கேள்வி. பிறகு தன்ர பிளாஸ்கில இருந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தார். முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன், எங்கட ஊரைப் பற்றி அவ்வளவு ஆசையா ஒருத்தரும் கேட்டதில்லை.

கிப்பர் வாங்க மறக்காதேங்கோ. ஹெரிங் மீனை முதுகால பிளந்து உப்புப் போட்டுப் புகையில தொங்க விடுறது. சோத்தோட நல்லாப் போகும்.

*

நாங்கள் குடும்பத்தோடு தங்கியது ஹே-ஆன்-வையில். வேல்ஸ் எல்லையில் இருக்கும் புத்தகக் கடை ஊர். ரிச்சர்ட் பூத் என்ற பழைய புத்தக வியாபாரி 1977 ஏப்ரல் 1 அன்று ஊரைத் தனி நாடு என்றும் தன்னை அதன் ராஜா என்றும் அறிவித்தவர். கோட்டைச் சுவரோரம் திறந்த வெளியில் புத்தக அலமாரிகள். காவலுக்கு யாரும் இல்லை, பெட்டியில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். என் மகளிடம் ஐம்பது பென்ஸ் குறைந்தது. எடுத்துக்கொண்டாள், ஆனால் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் ஊருக்குக் கிளம்பும் முன் ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். தங்கியதால்தானே முடிந்தது! ரயில் கிடையாது, ஹெரஃபோர்டில் இறங்கிப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரத்தை முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

*

விற்பி அண்ணா, அன்னபூரணி கதையை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அடுத்த வருஷம் அங்கேதான் போக வேண்டும் என்கிறார். அம்மாவின் முழங்காலுக்கு 199 படி முடியுமா என்பதுதான் கவலை.

*

அம்மாவைப் படியால ஏத்த வேண்டாம் தம்பி. அபேக்குப் பக்கத்திலேயே கார் விடுற இடம் இருக்கு, மேல்வழியா நேரே போகலாம். அப்பாவை மட்டும் விடிய ஆறு மணிக்குத் துறையடிக்கு அனுப்புங்கோ.