பிரெட்டுக்கு நல்ல மைதா மலிவாக எங்கே வாங்குவது? அவசர உதவி

அடுப்படி_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் பிரெட் போடுகிறேன், சரியாகவே வரமாட்டேன் என்கிறது. மாவு நன்றாகத்தான் உப்புகிறது, ஓவனில் வைத்ததும் நடுவில் அமுங்கிவிடுகிறது. வெட்டினால் உதிர்கிறது, ஜாம் தடவினால் கையோடு வருகிறது. மாவில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். விலை குறைவாக, தரமாக எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை விருந்தாட்கள் வருகிறார்கள், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சேகர்_74:
எந்த ஊர் என்று சொல்லாமல் எங்கே கிடைக்கும் என்றால் என்ன சொல்வது?

நெல்லை_பேக்கர்:
ஊர் மட்டுமில்லை மேடம். இப்போது வாங்குவது பாக்கெட்டா, லூசிலா? ஒரு தடவைக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர்? எடை போட்டா, கப்பிலா? ஈஸ்ட் எது, ஓவன் எது? இதெல்லாம் தெரியாமல் மாவைக் குற்றம் சொல்ல முடியாது.

ஈஸ்ட்_இளங்கோ:
மாவை விட்டுவிடுங்கள், அது அப்பாவி. உப்பி அமுங்குகிறது என்றால் அதிகமாகப் புளிக்க விட்டிருக்கிறீர்கள். ரெசிபியில் ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், அது குளிர்தேசத்துச் சமையலறைக்கு. நம் ஊரில் மே மாதம் அடுப்படியில் 36, 38 டிகிரி இருக்கும், முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள், ஈஸ்டைப் பாதியாக்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் பிரச்சினை.

பழைய_கை:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியாயிற்று! தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. சரி, புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

‘நல்ல மைதா’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. கேக்குக்கு நல்லது பிரெட்டுக்கு ஆகாது. பிரெட்டுக்கு வேண்டியது குளூட்டன் என்கிற புரதம், அதாவது பிசையும்போது மாவை இழுக்க வைக்கிற பசை. ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைப்பது அதுதான். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று போட்டிருக்கும். 11க்கு மேல் இருந்தால் எடுங்கள், 9 என்றால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று இருப்பதுதான் உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

அடுப்படி_மீனா:
மதுரைதான். மாவு பக்கத்து மளிகைக் கடையில் லூசில் வாங்குகிறேன், கிலோ 48. எடை போட மெஷின் இல்லை, கப்தான். ஓவன் ஓடிஜி, கரண்டில் ஓடுகிற சின்ன ஓவன். ஈஸ்ட் கடையில் கிடைக்கிற இன்ஸ்டன்ட். சொல்ல மறந்துவிட்டேன், ஒரு தடவை ஆன்லைனில் பிரெட் மாவு என்றே விற்பதை வாங்கி இதே மாதிரிதான் செய்தேன், அப்போது அருமையாக வந்தது. ஆனால் அது கிலோ 180, கட்டுப்படியாகாது.

நெல்லை_பேக்கர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா! அதே கை, அதே ஓவன், அதே ஈஸ்ட், மாவு மட்டும் வேறு. அப்புறம் என்ன, மாவுதான்.

ஈஸ்ட்_இளங்கோ:
ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். அன்றைக்கு மழை பெய்திருக்கலாம்.

கோவை_சரவணன்:
லூசில் வாங்கும் மைதா எந்த மூட்டையிலிருந்து வருகிறது என்று கடைக்காரருக்கே பல சமயம் தெரியாது. எங்கள் தெருக் கடையில் தேர்தல் நேரத்தில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாங்கிப் போகிற மைதாவையும் எனக்குக் கொடுக்கிற மைதாவையும் ஒரே டப்பாவிலிருந்துதான் அள்ளுவார். சுவரில் நன்றாக ஒட்டும். பிரெட்டில் கேட்கவே வேண்டாம்.

பழைய_கை:
லேபிள் பார்த்து வாங்குங்கள் என்று மேலே சொன்னேன். லூசில் வாங்கினால் லேபிள் ஏது? பிறகு இங்கே வந்து கேள்வி.

நெல்லை_பேக்கர்:
லேபிள் இல்லாவிட்டால் என்ன, வீட்டிலேயே பார்த்துவிடலாம். பேக்கரிகளில் பழைய மாஸ்டர்கள் செய்வதுதான். மீனா அக்கா, இதைச் செய்து பாருங்கள்.

100 கிராம் மாவில் 60 மில்லி தண்ணீர் விட்டு (உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்) நன்றாகப் பிசைந்து உருண்டையாக்குங்கள். அரை மணி நேரம் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். பிறகு ஒரு சல்லடை மேல் பிடித்துக்கொண்டு, மெலிதாக விழும் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கசக்கிக் கழுவுங்கள். முதலில் பால் மாதிரி போகும், அது ஸ்டார்ச். தண்ணீர் தெளிந்த பிறகு கையில் நிற்கிற ரப்பர் மாதிரி வஸ்துதான் குளூட்டன். ஈரத்தைப் பிழிந்துவிட்டு எடை போடுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மூன்றில் ஒரு பங்குதான் சரக்கு.

27, 28 கிராமுக்கு மேல் வந்தால் பிரெட்டுக்குத் தாராளமாகப் போதும். 20, 22 என்றால் பிஸ்கட் போடுங்கள். மைதாவில் உலர் எடையில் 7.5 சதவீதம் குளூட்டன் இருந்தாலே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி பாஸ். மாவில் இருக்கும் ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 20 கிராம் ஈரமான குளூட்டனுக்குச் சரி. அதனால் சட்டப்படி சுத்தமான மாவாக இருந்தும் பிரெட்டுக்கு உதவாமல் போகலாம். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது.

எடையை விடப் பசையின் குணம் முக்கியம் என்பேன். இழுத்தால் நீண்டு மறுபடி சுருங்க வேண்டும். இழுத்ததும் அறுந்து போனால் எடை எவ்வளவு வந்தாலும் பிரயோஜனமில்லை.

சிறுதானியச்_சித்தன்:
மைதா என்கிற விஷத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா! வெளுப்பாக்க அலோக்சான் கலக்கிறார்கள், அதுதான் சர்க்கரை நோய்க்குக் காரணம். கம்புக்கு மாறுங்கள்.

கோவை_சரவணன்:
வந்துவிட்டார் ஐயா. அலோக்சான் ஆய்வுக்கூடத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவைக்க ஊசியில் போடுவது. யாரும் அதை வாங்கி மாவில் கொட்டுவதில்லை. மாவை வெளுக்கப் பயன்படுத்துவது பென்சாயில் பெராக்சைடு, அதுவேறு. உண்மையாகவே பயப்பட வேண்டியதாக இருந்தது பிரெட் மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட். 2016ல் டெல்லியில் சி.எஸ்.இ. என்கிற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு கடை பிரெட்டுகளைச் சோதித்துச் சொன்ன பிறகு, அதே ஆண்டு அதைத் தடை செய்துவிட்டார்கள். மைதாவில் நார்ச்சத்து குறைவு, தினமும் தின்றால் நல்லதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கம்பில் குளூட்டன் கிடையாது, அதை மட்டும் வைத்து ஸ்லைஸ் போடுகிற பிரெட் எப்படிச் செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

சேகர்_74:
மதுரை என்றால் கீழமாசி வீதிக்குப் போங்கள். மொத்தக் கடைகளில் 50 கிலோ மூட்டை எடுத்தால் கிலோவுக்கு நல்ல வித்தியாசம் இருக்கும். 25 கிலோவுக்குள் பாக்கெட் போட்டு விற்றால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலையில் கொண்டுவந்தார்களே, பெரிய மூட்டைக்கு அது கிடையாது. அரிசியில் 26 கிலோ சிப்பம் வந்தது அதனால்தான்.

ஈஸ்ட்_இளங்கோ:
அப்படியென்றால் லூசில் வாங்கினாலும் வரி இல்லையே. மூட்டையைப் பிரித்து அள்ளிக் கொடுத்தால் அது பாக்கெட் கணக்கில் வராது.

சேகர்_74:
வராது என்று யார் சொன்னது? கடைக்காரர் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தால் அது பாக்கெட்தான்.

ஈஸ்ட்_இளங்கோ:
முன்கூட்டியே கட்டி, லேபிள் ஒட்டி வைத்தால்தான் சார் கணக்கு. கண் எதிரில் நிறுத்துக் கவரில் போட்டால் இல்லை. அந்தச் சமயத்தில் நிதித்துறையே கேள்வி பதிலாகத் தெளிவுபடுத்தியது. பத்துப் பத்து கிலோ பைகளை ஒரு பெரிய சாக்கில் போட்டு விற்றால் வரி உண்டு, பெரிய மூட்டையைப் பிரித்து லூசில் விற்றால் இல்லை.

சேகர்_74:
நான் கடை வைத்திருந்தவன் தம்பி. எனக்கே பாடமா?

ஈஸ்ட்_இளங்கோ:
2022க்குப் பிறகு வைத்திருந்தீர்களா?

மாடித்தோட்டம்_ராணி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 50 கிலோ மைதாவை ஒரு வீட்டில் எங்கே வைப்பது? மதுரை வெயிலுக்கு இரண்டாவது மாதமே வண்டு வந்துவிடும். அப்புறம் சல்லடையும் கையுமாக உட்கார வேண்டியதுதான். மீனா, ஐந்து கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கியதைக் கிலோ கிலோவாகக் கட்டி நான்கு நாள் பிரீசரில் வைத்து எடுங்கள், மாவில் இருக்கிற முட்டையெல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், சூடு சமமான பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துக் கட்டி தட்டும்.

கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ரேஷன் கோதுமையைக் காயவைத்து மில்லில் அரைத்துப் போட்டால் என்ன? எனக்குச் சப்பாத்தி நன்றாகத்தான் வருகிறது.

பழைய_கை:
சப்பாத்தி வரும். பிரெட் செங்கல் மாதிரி வரும். கல்லில் அரைத்த முழு கோதுமை மாவில் தவிடு குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். கல்லின் அழுத்தத்தில் ஸ்டார்ச்சும் உடைந்து தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். ஆட்டா பாக்கெட்டில் புரதம் 12 என்று பார்த்துவிட்டுத் துள்ளுபவர்களுக்கும் இதே பதில். பாரத் ஆட்டாவை அரசாங்கம் 2023ல் கிலோ 27.50க்கு இறக்கியபோதும் இங்கே இதையேதான் எழுதினேன். வேண்டுமானால் மைதாவில் கால் பங்கு கலந்துகொள்ளலாம், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு.

நெல்லை_பேக்கர்:
ஐயா சொல்வது சரி, சொல்கிற விதத்தைத்தான் கொஞ்சம் மாற்றலாம்.

மீனா அக்கா, ஊரில் யாரும் கேட்காத ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஏரியாவில் அவர்களே பிரெட், பன் போடுகிற சின்ன பேக்கரி எது என்று பாருங்கள். சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், வீட்டுக்கு ஐந்து கிலோ மாவு வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், மூட்டை விலைக்கு மேல் இரண்டு, மூன்று ரூபாய் வைப்பார்கள், அவ்வளவுதான். மில்லிலிருந்து பிரெட்டுக்கென்று கேட்டு வாங்குகிற மூட்டை அது. சரக்கு தேங்காது, அதனால் வண்டுக்கும் வேலையில்லை. மூட்டையில் மில்லின் பெயரும் தேதியும் இருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டால் அடுத்த தடவை கீழமாசி வீதியில் அதையே கேட்கலாம்.

பரோட்டா கடையில் கேட்கலாமா என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், கேட்கலாம், பாதகமில்லை. வீச வருகிற மாவு பிரெட்டுக்கும் வரும். என்ன, அவர்களிடம் உபரி இருக்காது.

பழைய மாவு தீரும் வரை சமாளிக்க குளூட்டன் பொடி வாங்கலாம். கிலோ மாவுக்கு 15 கிராம் சேர்த்தால் புரதம் ஒரு சதவீதம் ஏறும். பொடி விலை அதிகம்தான், ஆனால் ஒரு கால் கிலோ பாக்கெட் 16 கிலோ மாவுக்கு வரும். 180 ரூபாய் மாவை விட எப்படிப் பார்த்தாலும் மலிவு.

கோவை_சரவணன்:
எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால், ரங்கே கவுடர் வீதியிலும் மூட்டையில் மில் பெயர் பார்த்து வாங்கலாம். பேக்கரி யோசனை எனக்கே புதிது.

சேகர்_74:
தம்பி இளங்கோ, என் மைத்துனர் கணக்கரைக் கேட்டுவிட்டேன். லூசுக்கு இல்லையாம். ஆனால் நான் சொன்னது ஸ்டேப்ளர் விஷயம்.

ஈஸ்ட்_இளங்கோ:
சரி சார்.

அடுப்படி_மீனா:
பக்கத்து வீட்டில் எடை மெஷின் வாங்கிப் பார்த்தேன். மளிகைக் கடை மாவில் பசை 21 கிராம், இழுத்தால் பிய்ந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அதில் 29. பிரெட் அமுங்கவில்லை. எல்லாருக்கும் நன்றி, விருந்து வேலை இருக்கிறது.

மாடித்தோட்டம்_ராணி:
சந்தோஷம். கிலோ என்ன விலைக்குக் கொடுத்தார்கள்?

ஈஸ்ட்_இளங்கோ:
ஐஸ் தண்ணீரில் பிசைந்தீர்களா, சாதாரணத் தண்ணீரிலா? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நெல்லை_பேக்கர்:
மூட்டையில் இருந்த மில் பெயரும் வேண்டும் அக்கா.

மாடித்தோட்டம்_ராணி:
விருந்து முடிந்து வரட்டும் என்று பார்த்தேன், இன்னும் காணோம். யாருக்காவது அந்த பேக்கரி விலை தெரியுமா?