அனுபவப் பகிர்வு: சிறை சென்று திரும்பியவர்கள் படைப்பு வாசித்த கூட்டங்கள்

வைகைக்கரை:
நூலக மாடியில் மாதந்தோறும் நடக்கும் வாசகர் கூட்டத்தை இங்குப் பலரும் அறிவீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆயுள் தண்டனை முடித்து வந்த ஒருவர், சிறையில் மனு கொடுத்துத் தம்மைப் பார்க்க வரும் மகள் கம்பி வலைக்கு அப்பால் ஒவ்வொரு முறையும் சற்று உயரமாகத் தெரிந்ததைக் கவிதையாக வாசித்தார். கைதட்டல் ஓய்வதற்குள், முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, “ஐயா, என்ன வழக்கில் உள்ளே போனீர்கள்?” என்று கேட்டார். கவிஞர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கூட்டில் வைத்து மூடிவிட்டு, “கொலை வழக்குங்க ஐயா. அடுத்த கவிதைக்குப் போகட்டுங்களா?” என்றார். அடுத்த கவிதையைத் தாளைப் பார்க்காமலேயே சொல்லி முடித்தார். கேட்டவர் எந்த வகையிலும் கெட்டவர் அல்லர் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

பொருநை:
அந்தக் கேள்வியில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. நக்சல்பாரி இயக்கத்தில் இருந்தபோது தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுளாகக் குறைந்தபின் சிறையிலேயே மார்க்சின் ‘மூலதன’த்தைத் தமிழாக்கிய தோழர் தியாகு, தம் வழக்கைப் பற்றித் தாமே விரிவாக எழுதியிருக்கிறார். மறைக்க மறைக்கத்தான் ஊர் வாய் பெருக்கும்.

நூலகத்துப் பூனை:
பொருநை அவர்களே, இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அரசியலுக்காகச் சிறை சென்றவருக்கு அது பதக்கம். குடும்பத் தகராறிலோ திருட்டிலோ சென்றவருக்கு அது வடு. அந்தப் பதக்கத்தையும் நாம் எப்போதும் மதித்ததில்லை. செக்கிழுத்த வ.உ.சி. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, வரவேற்க நின்றவர்கள் சுப்பிரமணிய சிவாவும் இன்னும் சிலரும்தான்.

என் அனுபவம் வேறு. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில், சிறை நூலகங்களுக்கு நூல் திரட்டிய ‘கூண்டுக்குள் வானம்’ அரங்கில் நானும் சில நாவல்களைக் கொடுத்தேன். பின்னர் ஒரு சிறுகதைக் கூட்டத்தில் அருகில் அமர்ந்திருந்த இளைஞர், உள்ளே தமக்குக் கிடைத்த நாவலொன்றில் கடைசிப் பக்கங்கள் இல்லை என்றும், மாலை அடைப்புக்குப் பிறகு அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள் என்றும், தாம் சொன்ன முடிவே தம் முதல் கதையானது என்றும் கூறினார். வழக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அந்த நாவலின் உண்மையான முடிவைத்தான் அவர் என்னிடம் கேட்டார். நான் அதைப் படித்ததில்லை.

கரிசல்:
எங்கள் கூட்டத்துக்கும் அப்படி ஒருவர் வந்தார், நன்றாகவே வாசித்தார். ஆனால் இத்தகைய கூட்டம் நடத்துவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் ‘முன்னாள் சிறைவாசி’ என்று அச்சிடாதீர்கள். நிபந்தனை ஜாமீனில் இருப்பவர் காவல் நிலையத்தில் கையெழுத்திடச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், நேரத்தை அவரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி பெறுங்கள், ஏனெனில் அவர் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரும் அதைப் பார்ப்பார். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தைப் பேருந்துக் கட்டணமாக உறையில் வைத்துக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கலந்துரையாடலில் வரும் கேள்விகள் படைப்பைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும் என்று தலைமை தாங்குபவர் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

வைகைக்கரை:
கரிசல் அவர்களுக்கு நன்றி. ஆனால் நான் ஆலோசனை எதுவும் கேட்கவில்லை. எங்கள் அழைப்பிதழில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. வழக்கைக் கேட்ட ஆசிரியர் மறுமாதம் அவருடைய கவிதைகளைத் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், கவிஞரும் சம்மதித்திருக்கிறார். தொகுப்பில் வழக்கைப் பற்றி ஒரு முன்னுரை வேண்டும் என்று ஆசிரியரும், வேண்டாம் என்று கவிஞரும் இப்போது வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.