கருப்பைக்குள் செலுத்தும் கருவியில் விசை வரம்பு வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுநிலைப் படிப்பின் இறுதித் திட்டமாக, கருப்பை உட்படலத்திலிருந்து திசு மாதிரி எடுக்கும் கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். இவ்வகைக் கருவிகளைச் செலுத்தும் மருத்துவர் பெரும்பாலும் உள்ளே எதையும் பார்ப்பதில்லை. கையில் உணரும் தடையை வைத்தே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார். அனுபவம் குறைந்தவர் கையில் இந்த உணர்வு தவறினால் கருவி கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போய்விடக்கூடும்.

இதைத் தடுக்க, கைப்பிடிக்குள் ஒரு சுருள்வில் பொறியமைப்பு வைத்திருக்கிறேன். தள்ளும் விசை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் தண்டு தானாகப் பின்வாங்கும். அந்த வரம்பை எந்த அளவில் வைப்பது? இந்த ஒரு பாதுகாப்பு போதுமா? அடுத்த கட்டமாகச் சிறிய கேமராவும் சலைன் (உப்புக் கரைசல்) ஓட்டமும் சேர்க்கும் எண்ணம் இருப்பதால், அது குறித்தும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1: மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர்

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் தேடும் அந்த ஒற்றை எண் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை பெறாத, மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணின் கருப்பைவாய் சுருங்கி இறுகியிருக்கும். அதன் உள்வாயைக் கடக்கவே கணிசமான விசை தேவைப்படும். பிரசவமாகிச் சில வாரங்களே ஆன, பாலூட்டும் பெண்ணின் கருப்பைச் சுவரோ அதைவிடக் குறைந்த விசையிலேயே துளைபடும் அளவுக்கு மென்மையாக இருக்கலாம். முதல் பெண்ணுக்குத் தேவையான விசையை அனுமதித்தால் இரண்டாமவருக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டாமவரை மனத்தில் வைத்து வரம்பைக் குறைத்தால் முதல் பெண்ணுக்குக் கருவி உள்ளேயே போகாது. கருத்தடை வளையம் பொருத்திய 60,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஐரோப்பிய ஆய்வில், சுவர் துளைபடுவது ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கே நேர்ந்தது. ஆனால் பொருத்தும் காலத்தில் பாலூட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அந்த வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது.

விசையைவிட நான் அஞ்சுவது திசையைப் பற்றித்தான். கருப்பை பெரும்பாலானோருக்கு முன்பக்கம் வளைந்திருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். இதை அறியாமல் நேரான, விறைப்பான தண்டைச் செலுத்தினால், கருப்பைவாயும் உடலும் சேரும் வளைவில் அது எதிர்ச்சுவரில் முட்டும். அங்கே மருத்துவர் உணரும் தடை, இறுகிய உள்வாயின் தடையைப் போலவே இருப்பதால், இன்னும் சற்று அழுத்தவே அவருக்குத் தோன்றும். எனவே உங்கள் தண்டு குழியின் வளைவைப் பின்பற்றி வளையக்கூடியதாக இருக்க வேண்டும். செலுத்தும் முன் கையால் பரிசோதித்தோ அல்ட்ராசவுண்டில் பார்த்தோ சாய்வை அறிந்துகொள்ளும் பழக்கத்தை எந்தக் கருவியாலும் ஈடு செய்ய முடியாது.

அடுத்தது ஆழம். கருப்பைவாயின் வெளித்திறப்பிலிருந்து கருப்பையின் மேல்தளம் வரை பொதுவாக 6 முதல் 9 செ.மீ. இருக்கும். தண்டின் மேல் நகரும் ஒரு தடுப்பு வளையம் வைத்து, அளந்த ஆழத்தில் அதைப் பூட்டினால், கை தவறினாலும் முனை அதற்கு மேல் போகாது. எளிய அமைப்புதான், ஆனால் உங்கள் சுருள்வில்லைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். பூட்டு வழுக்காமல் இருப்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

வலியையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுமாறு கேட்டுக்கொள்கிறேன். கருப்பைவாயைப் பிடித்து நிறுத்தப் பயன்படும் டெனாகுலத்தின் கூர்முனைகள் வலியையும் இரத்தக் கசிவையும் உண்டாக்குகின்றன. வலியில் அப்பெண் திடுக்கிட்டு அசையும் அந்தக் கணத்தில்தான் கருவியும் இடம் மாறுகிறது. மென்மையான உறிஞ்சு கிண்ணத்தால் கருப்பைவாயைப் பிடிக்கும் மாற்றுக் கருவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. அந்தத் திசையிலும் யோசியுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடித்துவிடும் வழக்கத்தை வடிவமைப்பாளர்களும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மறுமொழி 2: மருத்துவக் கருவி வடிவமைப்புப் பொறியாளர்

மருத்துவர் அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். பொறியியல் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஐ.எஸ்.ஓ. 14971 என்னும் இடர் மேலாண்மைத் தரநிலை ஒரு முன்னுரிமை வரிசையை வைக்கிறது: ஆபத்தை வடிவமைப்பிலேயே இல்லாமல் செய்வது முதலில், தடுப்பு அமைப்புகள் அடுத்து, எச்சரிக்கை வாசகங்களும் பயிற்சியும் கடைசியில். உங்கள் சுருள்வில் இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. முதல் நிலையில் செய்ய வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. அது முனையின் வடிவம்.

திசுவைத் துளைப்பது விசை மட்டுமன்று, அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதும்தான். 3 மி.மீ. விட்டமுள்ள முனையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 7 ச.மி.மீ.; விட்டத்தை 6 மி.மீ. ஆக்கினால் பரப்பு 28 ச.மி.மீ. ஆகும், அதே விசையில் அழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆனால் 6 மி.மீ. முனையைக் கருப்பைவாய் வழியே கொண்டுபோக அதை விரிவாக்க வேண்டியிருக்கும், வலியும் கூடும். ஆகவே கால்வாயைக் கடக்கும்போது ஒடுங்கியும் குழிக்குள் நுழைந்தபின் விரிந்தும் நிற்கும் மென்முனை ஒன்றைச் சிந்திக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: விரியும் எதுவும் ஒருநாள் ஒடுங்க மறுக்கும். பொறியமைப்பு முற்றிலும் செயலிழந்தாலும், வெறுமனே இழுத்தால் முனை மடிந்து வெளியே வரும்படி அதன் சாய்வு அமைய வேண்டும். ஒட்டிச் சேர்த்த சிறு பாகங்களை முனையில் வைக்காதீர்கள். உடைந்து உள்ளே தங்கும் துண்டை எடுக்க இன்னொரு சிகிச்சை தேவைப்படும்.

துளைபடுவதைவிட, துளைபட்டதை அறியாமல் தொடர்வதே பெருந்தீங்கு. மெல்லிய தண்டு மேல்தளத்தின் நடுவில் இட்ட துளை பெரும்பாலும் தானே ஆறிவிடும். அதே துளை வழியே உறிஞ்சும் விசையோ மின்சூடோ செயல்பட்டால் குடல் சேதமடையும். இதற்காகவே உட்படலத்தைச் சுட்டழிக்கும் சில ரேடியோ அலைவரிசைக் கருவிகள், ஆற்றலைச் செலுத்தும் முன் சிறிதளவு கார்பன் டை ஆக்சைடை உள்ளே விட்டு, அழுத்தம் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கின்றன. நிற்காவிட்டால் ஆற்றல் வராது. உங்கள் கருவியிலும், தடுப்பு வளையம் பூட்டப்படாமல் உறிஞ்சல் தொடங்காதபடி ஓர் இணைப்பை எளிதில் அமைக்கலாம். அந்த வாயுச் சோதனையும் முழுக் காவல் அன்று என்பதையும் கவனியுங்கள்: துளையைக் குடல் அடைத்துக்கொண்டால் அழுத்தம் நிலைத்துவிடக்கூடும்.

சிறிய உறுப்பு என்று எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்கப்பட்ட டால்கன் ஷீல்டு கருத்தடைச் சாதனத்தின் வால் நூல், பல இழைகளை ஓர் உறைக்குள் சேர்த்துச் செய்யப்பட்டிருந்தது. அந்த இழைகளின் இடைவெளி வழியே கிருமிகள் கருப்பைக்குள் ஏறுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கடும் தொற்றுகளும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1974-இல் அங்கு விற்பனை நிறுத்தப்பட்டது. 1976-இல் அந்நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டத்திருத்தம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுமொழி 3: கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சுருள்வில்லை இரண்டாம் நிலைக் காவலாக மட்டும் வைத்துக்கொண்டு, வளையும் தண்டையும் பூட்டும் தடுப்பு வளையத்தையும் முதன்மையாக்கப் போகிறேன். சோதனையை எதில் செய்வது என்பதுதான் இப்போது குழப்பமாக இருக்கிறது. விலங்குகளின் கருப்பை பயன்படுமா?

மறுமொழி 4: அறுவை அரங்குச் செவிலியர்

சோதனை பற்றிப் பொறியாளர் ஐயா சொல்லட்டும். நீங்கள் சலைன் ஓட்டம் சேர்க்கப் போவதாக எழுதியதால் இதைச் சொல்லியாக வேண்டும்: நீர்மம் உள்ளே போகும் கணத்திலிருந்து உங்கள் கருவியின் இடர்ப் பட்டியல் வேறாகிவிடுகிறது.

கருப்பையை விரிக்கச் செலுத்தும் நீர்மத்தின் ஒரு பகுதி, திறந்த இரத்த நாளங்கள் வழியே உடலுக்குள் போய்விடும். மின்னோட்டம் நோயாளியின் உடல் வழியே சென்று திரும்பும் பழைய ஒருமுனை மின்கருவிகளுக்கு உப்பில்லாத கிளைசின் (ஓர் அமினோ அமிலம்) கரைசல் தேவைப்பட்டது; அது அதிகம் உறிஞ்சப்பட்டால் இரத்தத்தில் சோடியம் வீழ்ந்து மூளை வீங்கும். மின்னோட்டம் கருவியின் இரு முனைகளுக்கு இடையே மட்டும் பாயும் இருமுனைக் கருவிகள் சலைனிலேயே இயங்குவதால் அந்த ஆபத்து குறைந்தது. ஆனால் சலைன் என்பதால் எவ்வளவும் விடலாம் என்று பொருளன்று. அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வேறுபாடு, ஆரோக்கியமான பெண்ணுக்குக் கிளைசின் போன்றவற்றில் 1,000 மி.லி., சலைனில் 2,500 மி.லி. என்ற அளவைத் தொட்டதும் நிறுத்த வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. விரிப்பிலும் தரையிலும் சிந்துவதால் இந்தக் கணக்கைக் கையால் சரியாக வைப்பது கடினம். எனவே அழுத்தத்தையும் நீர்மக் குறைவையும் தானே அளந்து ஓட்டத்தை நிறுத்தும் அமைப்பு இல்லாமல் அந்த அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

குழாய் இணைப்பு முனைகளையும் கவனியுங்கள். லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே செய்யும் அறுவைக்கு) வயிற்றை விரிக்கும் வாயுக் கருவி நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளும். கருப்பைக்குள் கார்பன் டை ஆக்சைடு நிமிடத்துக்கு 100 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. இரண்டுக்குமான கருவிகள் ஒரே அரங்கில் நிற்கும். ஒன்றின் குழாய் மற்றொன்றில் பொருந்தினால் என்றாவது யாரோ பொருத்திவிடுவார்கள். இரத்த நாளத்தில் வாயு புகுந்து இதயம் நின்றுபோகும். பொருந்தவே முடியாத வடிவம் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மறுமொழி 5: மருத்துவக் கருவி வடிவமைப்புப் பொறியாளர்

செவிலியர் அம்மா சொன்ன இணைப்பு முனை விஷயத்தை இடர்ப் பட்டியலின் மேல்வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

விலங்கு மாதிரியைப் பொறுத்தவரை, பன்றியின் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகப் பிரிந்திருக்கும். மனிதக் கருப்பையின் முக்கோணக் குழியோ தடித்த சுவரோ அதில் இல்லை. திசு ஒவ்வாமை போன்றவற்றுக்கு விலங்குச் சோதனை பயன்படலாம். துளைப்பு விசைக்கு அதை நம்ப வேண்டாம். வெவ்வேறு விறைப்பும் வளைவும் கொண்ட சிலிக்கோன் மாதிரிகளில் தொடங்குங்கள். பிறகு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் நோயாளியின் ஒப்புதலோடும், கருப்பை நீக்க அறுவையில் எடுக்கப்பட்ட உறுப்புகளில், எடுத்த சில மணி நேரத்துக்குள் சோதியுங்கள். அவற்றில் பல ஃபைப்ராய்டு கட்டிகளால் மாறியிருக்கும், பிரசவித்த பெண்ணின் மென்மையான சுவர் அவற்றில் கிடைக்காது என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இவற்றோடு, கருவியை முன்பின் பார்த்திராத மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் விளக்கம் எதுவும் சொல்லாமல் கொடுத்து, கையுறையோடும் அரைவெளிச்சத்திலும் சிலிக்கோன் மாதிரியில் பயன்படுத்தச் சொல்லுங்கள். தடுப்பு வளையத்தைப் பூட்ட மறப்பவர்கள் எத்தனை பேர், ஆழக் குறியைத் தவறாகப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் ஒரே இடத்தில் தவறினால் திருத்த வேண்டியது கருவியைத்தான். கையேட்டில் ஒரு வரி சேர்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.