ஹட்சிங்ஸின் தங்க வினையூக்கி: தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

தரமணி_லேப்:
போன வாரம் இங்கே சென்னையிலேயே ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணல். முதல் கேள்வியே "உங்கள் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்றுதான் வந்தது. நம் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. எந்த வினையூக்கியில் வேலை செய்தேன் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் வேதியியலாளர் கிரஹாம் ஹட்சிங்ஸ் நினைவுதான்.

அசிட்டிலினையும் ஹைட்ரஜன் குளோரைடையும் சேர்த்து வினைல் குளோரைடு செய்வார்கள், பி.வி.சி. பைப்புக்கு மூலப்பொருள் அதுதான். அதற்கு வழக்கமான வினையூக்கி, கார்பன் மேல் ஏற்றிய பாதரசக் குளோரைடு. 1985-ல், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, மற்ற உலோகக் குளோரைடுகள் பற்றி ஏற்கெனவே வெளியான அளவீடுகளை எடுத்து, பிளஸ் டூ மாணவருக்கும் தெரிந்த திட்ட மின்முனை மின்னழுத்தத்தோடு (ஓர் உலோக அயனி எவ்வளவு எளிதில் எலக்ட்ரானை ஏற்கும் என்ற அளவு) அவர் பொருத்திப் பார்த்தார். தங்கம்தான் எல்லாவற்றையும் மிஞ்சும் என்று சொன்னார். சோதித்தபோது அப்படியே வந்தது. தங்கம் எதிலும் ஒட்டாத சோம்பேறி உலோகம் என்றே எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த ஒரு கட்டுரையின் மதிப்பை எந்த எண் சொல்லும்? இந்த எண்களை நேர்காணல் அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

செங்கல்பட்டு_பாசஞ்சர்:
எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று யோசித்தீர்களா? சிபாரிசு. நான் சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தவன், வீட்டில் முதல் பட்டதாரி. எனக்காகப் பேச ஒருவரும் இல்லை. என் கட்டுரைகளை இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான் பேசியது. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் இந்த எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்தபோது அதில் குறைகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஆனாலும் பெரிய இடத்துப் பிள்ளைக்கும் எனக்கும் அது ஒரே தராசு.

மணலி_ஷிப்ட்:
நீங்கள் இருவரும் காகிதத்துக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். 22 வருஷமாக ரியாக்டர் பக்கத்தில் நிற்பவன் சொல்கிறேன். கட்டுரை 1985. ஆலைக்குள் தங்கம் நுழைந்தது சுமார் 30 வருஷம் கழித்து. நடுவில் அந்தக் கட்டுரை ஒரு கிராம் பாதரசத்தைக்கூட நிறுத்தவில்லை.

ஏன் என்று பாருங்கள். முதலில் விலை. அப்புறம், தங்கத்தைக் கார்பன் மேல் ஏற்ற, தங்கத்தையும் கரைக்கும் கடும் அமிலக் கலவையான இராஜ திராவகம் வேண்டியிருந்தது. டன் கணக்கில் செய்யும்போது அந்த அமிலக் கழிவை எங்கே கொட்டுவது? தயோசல்பேட் சேர்மமாக ஏற்றினால் மிகக் குறைந்த தங்கமே போதும் என்று கண்ட பிறகுதான், வினையூக்கி செய்யும் ஜான்சன் மேத்தி நிறுவனத்தால் அதைச் சீனாவில் விற்க முடிந்தது. 2013-ல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை வந்து பாதரசத்துக்குக் கதவை மூடத் தொடங்கியதும் இன்னொரு காரணம். இத்தனை பேர் தோள் கொடுத்த தேரை ஒருவர் இழுத்தார் என்று எழுதாதீர்கள்.

வேதியியல்_வாத்தியார்:
அந்தத் தயோசல்பேட் வேலையிலும் ஹட்சிங்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு இருந்தது, மணலி சார். கட்டுரை போட்டுவிட்டு ஒதுங்கிய ஆள் இல்லை அவர். தங்கம் அங்கே துகளாக இல்லாமல் தனித்தனி அணுக்களாக நின்று வேலை செய்கிறது என்று 2017-ல் காட்டியதும் அவர் குழுதான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஜப்பானில் மசடகே ஹருட்டா 1987-ல், சில நானோமீட்டர் தங்கத் துகள்களை உலோக ஆக்சைடு மேல் வைத்து, மைனஸ் 70 டிகிரியிலும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார். இந்த இருவருக்கும் பிறகு தங்கம் ஒரு தனித் துறையே ஆனது. நான் பாடம் நடத்தத் தொடங்கியபோது "தங்கம் வினைபுரியாது" என்று பலகையில் எழுதியிருக்கிறேன். பத்து வருஷம் கழித்து அதே பலகையில் திருத்தி எழுதினேன். என்னைக் கேட்டால் தாக்கம் என்பது அது.

மணலி_ஷிப்ட்:
வாத்தியார் ஐயா சொன்ன குழு விவரம் எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஆனால் பெரிய கேள்வியை யாரும் தொடவில்லை. அந்த அசிட்டிலின் எங்கிருந்து வருகிறது? சீனாவில் நிலக்கரியிலிருந்து, கால்சியம் கார்பைடு வழியாக. மின்சாரத்தை விழுங்கும் உலை அது. எத்திலீன் வழியில் போனால் பாதரசமே வேண்டாம். அப்படியென்றால் தங்க வினையூக்கி ஒரு அழுக்கு வழிக்கு ஆயுள் நீட்டிப்பு கொடுக்கிறது. இதைத் தாக்கத்தில் கூட்டுவதா, கழிப்பதா?

தரமணி_லேப்:
கூட்டத்தான் வேண்டும். ஆலைகள் இன்று நிற்கின்றன; அவற்றை நாளையே இடித்துவிட முடியாது. அந்தப் பாதரசக் குளோரைடு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும். ஜப்பானின் மினமாட்டாவில் மீனைத் தின்ற மக்களை முடக்கியதும் அசிட்டிலினிலிருந்து அசிட்டால்டிஹைடு செய்த ஆலையின் பாதரசம்தான். கொடைக்கானலில் தெர்மோமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடியது, மண்ணில் கலந்த பாதரசத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. நிலக்கரி தீரும்வரை காத்திருங்கள் என்று ஆலைத் தொழிலாளியிடம் யார் போய்ச் சொல்வது?

செங்கல்பட்டு சார் சொன்ன சிபாரிசு விஷயம் ராத்திரி முழுக்க உறுத்தியது. எண்ணை எடுத்துவிட வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணோடு வேலையைப் பற்றியும் கேட்கட்டும், அது போதும்.

மணலி_ஷிப்ட்:
நிலக்கரி விஷயத்தில் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். சரி, உங்கள் வினையூக்கி எத்தனை மணி நேரம் ஓடியது?

தரமணி_லேப்:
40 மணி நேரம். அதற்குள் கரி படிந்து அதன் வேகம் பாதியாகிவிட்டது. அடுத்த நேர்காணலுக்கு முன் 200 மணி ஓட்டிப் பார்க்க வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேராமல் கரியை எப்படி எரித்து எடுப்பது என்று எழுதுங்கள், சார்.