மறு: ஓடைக்குள்ளேயே எழுதுவதற்கு ஒரு சொல் – ‘விடுகை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் ஓடைக் கோப்பை, அதாவது புதிதாக எழுதியதை வாசகரின் செயலி வந்து எடுத்துக்கொள்ளும் ஆர்எஸ்எஸ் (RSS) ஃபீட் கோப்பை, கையால் எழுதுகிறவன் என்பதால் இனியும் சும்மா இருந்தால் சரியில்லை. இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது இது:

> எனக்கு வலைப்பக்கம் கிடையாது. ஆர்எஸ்எஸ் கோப்பை நோட்பேடில் திறந்து, அதற்குள்ளேயே எழுதி, இணைய வழங்கியில் ஏற்றிவிடுகிறேன். வாசகர் தன் செயலியில் படிக்கிறார். இப்படி எழுதுவதைத் தமிழில் என்ன சொல்வது?

கேள்விக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. கோப்பைக் கையால் எழுதுவது ஒன்று. எழுதியது ஓடையில் மட்டும் இருந்து, பின்னால் பக்கம் என்று எதுவும் இல்லாமல் போவது இன்னொன்று. இதுவரை வந்த பரிந்துரைகள் பெரும்பாலும் முதலாவதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அவற்றில் ‘கையோடை’ எனக்குப் பிடித்திருக்கிறது. கைத்தறி, கைமுறுக்கு என்ற வரிசையில் உறுத்தாமல் உட்காருகிறது. காதில் ‘கையோடு’ என்று விழும் என ஒருவர் குறை சொன்னார். விழட்டுமே, எழுதின கையோடு ஏற்றுகிற வேலைதானே இது! ஆனால் கையோடை என்பது கோப்புக்குப் பெயர். நாளைக்கே தம்பி சின்னதாக ஒரு நிரல் எழுதி, அது கோப்பைத் தயாரித்துக் கொடுத்தால் ‘கை’ போய்விடும். பக்கம் இல்லாதது அப்படியே இருக்கும். சொல் வேண்டியது அதற்குத்தான்.

> ஓடை என்பதே பிழை. ஃபீட் என்றால் ஊட்டுவது. ஊட்டம் என்றே சொல்வோம்.

ஐயா, இதில் நான் மாறுபடுகிறேன். ஊட்டுவதற்கு எதிரே வாயைத் திறந்துகொண்டு ஒருவர் இருக்க வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை. கோப்பு பாட்டுக்கு வழங்கியில் கிடக்கிறது. வாசகரின் செயலிதான் மணிக்கொரு தரமோ என்னவோ வந்து, ‘புதுசா ஏதாவது இருக்கா?’ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஓடையும் தப்புதான், ஊருணி என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் நிற்கிறது, ஊர்தான் குடத்தோடு வருகிறது. ஆனாலும் ஓடையை இப்போது தொட வேண்டாம் என்பேன். பல வலைப்பதிவுகளின் புது இடுகைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் 2004-இல் வந்து, அதுபோன்ற திரட்டிகள் வழியாக நாம் ஒருவரையொருவர் படிக்கத் தொடங்கிய காலத்துப் பழக்கம் அது. செய்தியோடை, மறுமொழி ஓடை என்று குடும்பமாகவே வளர்ந்துவிட்டது.

‘மடை’ என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன். மடை என்றால் வயலுக்கு நீர் பாயத் திறக்கும் வழி. பழைய வழக்கில் சோறு, படையல் என்றும் பொருள் உண்டு. அதனால்தான் கோயில் சமையற்கட்டு இன்றைக்கும் மடைப்பள்ளி. ஃபீட் என்பதில் உள்ள தீனி, வரத்து ஆகிய இரண்டு பொருளும் ஒரே தமிழ்ச் சொல்லில்! இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். இப்போது ஓடைக்குப் பக்கத்தில் மடையையும் வைத்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கியே நம் காலம் போய்விடும். ‘மடைப்பதிவர்’ என்று ஒருவரைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

> பக்கம் இல்லாத இடுகை தரப்படி செல்லுமா? அது வெறும் குறுக்குவழிதானே?

செல்லும். 2002-இல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0 வரையறையைப் பாருங்கள். ஒரு ஐட்டத்துக்குள், அதாவது ஓடையில் உள்ள ஓர் இடுகைக்குள், வரும் கூறுகளில் எதுவுமே தனித்துக் கட்டாயம் இல்லை. டைட்டில் (தலைப்பு), டிஸ்கிரிப்ஷன் (விவரம்) இரண்டில் ஒன்று இருந்தால் போதும். லிங்க் இல்லாமல் விடலாம். 2005-இல் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தர ஆவணமாக வந்த ஆட்டம் (Atom) இன்னொரு ஓடை வடிவம், இன்னும் கறாரானது. அதிலும் உள்ளடக்கத்தை அங்கேயே தந்துவிட்டால் பக்கத்துக்குச் சுட்டி தரவேண்டிய கட்டாயம் இல்லை. 1999-இல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் இதைத் தொடங்கியபோது ஓடை என்பது வேறெங்கோ இருக்கும் பக்கங்களின் தலைப்புப் பட்டியல், அவ்வளவுதான். ஆறே வருடத்தில் பக்கமே வேண்டாம் என்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆகவே இது திருட்டு வழி இல்லை, தனி வகை. தனி வகை என்றால் தனிப் பெயர் வேண்டும்.

இனி என் சொந்தக் கதை. சொல் எங்கிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

என் ஓடையில் நாற்பத்தொரு ஐட்டங்கள் இருந்தன. வாசகர்கள் ஒற்றை இலக்கத்தில், அதில் ஒருத்தி என் தங்கை. ஒருமுறை நெல் வாங்கிய கதையை எழுதும்போது ‘மாப்பிள்ளைச் சம்பா & பூங்கார்’ என்று போட்டுவிட்டேன். ஓடைக் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதப்படுவது. அந்தக் கோப்பில் & குறியை மொட்டையாக விடக்கூடாது, அதற்கென்று உள்ள மாற்றுக் குறியீட்டைத்தான் எழுத வேண்டும். வலைப்பக்கமாக இருந்தால் உலாவி சகித்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல் முதல் பிழையிலேயே கதவைச் சாத்திவிடும். மூன்று நாள் என் ஓடை முழுக்க அடைபட்டுக் கிடந்தது, எனக்குத் தெரியவே இல்லை. பிறகு இடுகை வெளியான தேதியைச் சொல்லும் பப்டேட்டில் சனிக்கிழமையைத் தமிழில் எழுதிவிட்டு, இடுகை ஏன் வரிசை மாறிப் போகிறது என்று தலையைச் சொறிந்தேன். அங்கே கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் வர வேண்டும், நேரத்துக்குப் பின்னால் +0530.

இவையெல்லாம் சில்லறை. பெரிய கூத்து ஜியூஐடியில் நடந்தது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நிரந்தரமான ஓர் அடையாளம் தர வேண்டும். செயலி அதை வைத்துத்தான் ‘இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்’ என்று முடிவு செய்கிறது. நான் 1, 2, 3 என்று போட்டிருந்தேன். பார்க்க நன்றாயில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதியாக மாற்றினேன். சாயங்காலம் தங்கையிடமிருந்து அழைப்பு.

“என்னண்ணா, ஆடி மாசத்துல பொங்கல் வாழ்த்துச் சொல்றே?”

நாற்பத்தொன்றும் புத்தம்புதிதாக அவள் கைபேசிக்குப் போய் இறங்கியிருக்கின்றன. உடனே பழைய எண்களையே திரும்பப் போட்டேன். அவள் செயலி சேமித்து வைத்ததை நான் எப்படி அழிப்பது? பக்கத்தில் எழுதியது என் வீட்டுச் சுவரில் இருப்பது மாதிரி, நினைத்தால் சுண்ணாம்பு அடிக்கலாம். ஓடையில் போட்டது போனதுதான். சில செயலிகள் திருத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. சில முதலில் வந்ததையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அன்று அவளிடம் என்னை அறியாமல் சொன்னேன்: “தெரியாம விட்டுட்டேன்மா.”

அந்த ‘விட்டுட்டேன்’தான் என் பரிந்துரை. பக்கத்தில் இடுவது இடுகை. ஓடையில் விடுவது விடுகை. காகிதக் கப்பல் விடுகிறோம், தூது விடுகிறோம், பட்டம் விடுகிறோம். நம் கையை விட்டுப் போய், இன்னொருவர் கைக்குக் கிடைக்கலாம் என்பது எல்லாவற்றிலும் பொது. இடுகை என்ற சொல்லைத் தெரிந்தவருக்கு விடுகையைப் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை, ஓர் எழுத்துதான் வேறு. பதிவா இடுகையா என்று நாம் சண்டை போட்ட காலத்தில் இடுகை ஜெயிக்காமல் போனது எனக்கு வருத்தம்; அதன் தங்கைக்காவது ஒரு வாழ்வு கிடைக்கட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘நேற்று ஒரு விடுகை விட்டேன்’ – ஆட்டம் ஆடினேன் என்பது போல, உறுத்தவில்லை. ‘விடுகைகள் மட்டும் வரும் ஓடை’ – சரி. ‘தலைப்பில்லா விடுகை’ – இது நிறைய வரும், ஏனென்றால் தலைப்பு யோசிக்காமல் நாலு வரி எழுதுவதற்காகவே பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். ‘விடுகையாளர்’ கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, வேண்டாம். ஊருணியில் எதை விடுவது என்று யாராவது மடக்கினால் என்னிடம் பதில் இல்லை. எழுதுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் விடுவது போலத்தான் இருக்கிறது, அவ்வளவே.

ஒரே ஒரு சிக்கல். இலங்கையில் பள்ளியை விட்டு விலகும்போது தருவது விடுகைப் பத்திரம். நம் குழுவின் யாழ்ப்பாண நண்பர்தான் இதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘இண்டைக்கு ஒரு விடுகை எழுதினனான்’ என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அம்மா எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் இங்கே எழுதுங்கள், வேறு சொல் தேடுவோம்.